புகைக்கு ஏலம், பூனைக்குச் சுரங்கப்பாதை: ஐரோப்பாவின் பசுமைப் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது?

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பெரும்பாலான வேலைநாட்களில் ஓர் ஏலம் நடக்கிறது. மீன் ஏலம்போலக் கூவலும் கூச்சலும் கிடையாது, எல்லாம் கணினித் திரையில்தான். விற்கிற பொருளும் கண்ணுக்குத் தெரியாதது: ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் விடுவதற்கான அனுமதி. நிலக்கரி மின்நிலையக்காரர்கள், உருக்காலைக்காரர்கள், விமான நிறுவனங்கள், இடையில் லாபம் பார்க்கும் தரகர்கள் என்று பலரும் வாங்குகிறார்கள். விற்பது ஐரோப்பிய அரசுகள். 2023 இல் மட்டும் இந்த அனுமதிகளை விற்று வந்த தொகை சுமார் 4,360 கோடி யூரோ. (இந்தக் கட்டுரை முழுக்கக் கோடியிலேயே எழுதுகிறேன். அவர்கள் ஒரு பில்லியன் என்பது நமக்கு 100 கோடி.)

ஐரோப்பிய நாடுகள் சுற்றுச்சூழலுக்கும் காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கும் ஏது இவ்வளவு பணம் என்று கேட்பவர்களை நான் முதலில் இந்த ஏலத்துக்குத்தான் கூட்டிப்போவேன். ஒவ்வொரு அரசும் "எங்கள் முன்னுரிமைகள்" என்று ஓர் அறிக்கை வெளியிடும். தூய்மையான மின்சாரம், சுத்தமான காற்று, காடு, நீர் என்று எல்லா நாட்டு அறிக்கையும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். அதைப் படித்து ஒன்றும் விளங்காது. யார் பையிலிருந்து பணம் போகிறது, யார் கைக்கு வருகிறது என்று பார்த்தால்தான் போலந்தும் டென்மார்க்கும் ஏன் வெவ்வேறு வழியில் போகின்றன என்பது பிடிபடும்.

முதல் பையான ஏலத்துக்கே வருவோம். இந்த ஏற்பாடு 2005 இல் தொடங்கியது. மின்நிலையங்களும் பெரிய ஆலைகளும் ஒரு வருடத்தில் மொத்தமாக இவ்வளவுதான் புகை விடலாம் என்று ஒரு வரம்பு கட்டுவார்கள். அந்த வரம்புக்குத் தக்க எண்ணிக்கையில் அனுமதிகள் வெளியிடப்படும். வருடத்துக்கு வருடம் எண்ணிக்கை குறையும். புகையைக் குறைக்க முடிந்தவர்கள் குறைத்துக்கொள்ளலாம், முடியாதவர்கள் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் அனுமதிகளில் பெரும்பகுதியை ஆலைகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள், அதுவும் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள். அப்புறம் 2008 பொருளாதார நெருக்கடியில் ஆலைகளே படுத்துவிட்டன. 2013 இல் ஒரு டன் அனுமதி 5 யூரோவுக்கும் கீழே கிடந்தது. மிஞ்சிய அனுமதிகளைச் சந்தையிலிருந்து எடுத்து ஒதுக்கிவைக்கும் முறை 2019 இல் வந்தது, வரம்பும் இறுகியது. 2023 பிப்ரவரியில் விலை முதல்முறையாக 100 யூரோவைத் தொட்டது.

இந்த விலைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒரு சின்னக் கணக்கு போட்டால் தெரியும். பழுப்பு நிலக்கரியில் 1,000 யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அனுமதி 5 யூரோவாக இருந்தால் யூனிட்டுக்கு அரை சென்ட் செலவு. நிலக்கரி முதலாளி அதைப் பொருட்படுத்தக்கூட மாட்டார். 80 யூரோ என்றால் யூனிட்டுக்கு 8 சென்ட். அந்த விலையில் பக்கத்து ஊர்க் காற்றாலை ஒரு சென்ட்கூட மானியம் வாங்காமலே அவரை முந்திவிடும். ஆக, ஏலம் இரண்டு வேலை செய்கிறது. அழுக்கு மின்சாரத்தின் விலையை ஏற்றுகிறது, ஏற்றியதில் வரும் பணத்தை அரசின் கையில் கொடுக்கிறது.

அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுக்கே போய்விடும். முன்பெல்லாம் அதில் பாதியையாவது பருவநிலை சார்ந்த வேலைகளுக்குச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் விதி. 2023 திருத்தத்துக்குப் பிறகு முழுவதையும் அப்படித்தான் செலவழிக்க வேண்டும். ஒரு பகுதியை நவீனமயமாக்கல் நிதி என்ற பெயரில் வசதி குறைந்த நாடுகளுக்கு ஒதுக்குகிறார்கள். முதலில் கிழக்கு, நடு ஐரோப்பாவின் 10 நாடுகள், இப்போது கிரீஸ், போர்ச்சுகல், ஸ்லோவேனியா சேர்ந்து 13. அதிகம் பெறுவது போலந்து. அதிகம் முணுமுணுப்பதும் போலந்துதான். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது பை, வீட்டு மின்கட்டண ரசீது. இந்தப் பையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்ட நாடு ஜெர்மனி. 2000 ஆம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. கூரையில் சூரியத் தகடு வைத்தவர், வயலோரம் காற்றாலை நட்டவர் யாராக இருந்தாலும் அவர் தரும் மின்சாரத்தை மின்கம்பி நிறுவனம் வாங்கியே ஆக வேண்டும், முன்பே குறித்த விலையில், 20 வருடங்களுக்கு. சூரிய மின்சாரத்துக்கு அப்போது யூனிட்டுக்கு சுமார் 51 சென்ட் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் தான் உபயோகிக்கிற மின்சாரத்துக்குக் கொடுத்த விலையைவிட இது பல மடங்கு. விவசாயிகள் மாட்டுக்கொட்டகைக் கூரையில்கூடத் தகடு ஏற்றினார்கள். "இருபது வருஷம் நிச்சய வருமானம்" என்றால் வங்கியும் கேள்வி கேட்காமல் கடன் கொடுக்கும் அல்லவா?

இதற்கான பணம் அரசு கஜானாவிலிருந்து வரவில்லை. மின்சாரம் வாங்குகிற எல்லோருடைய ரசீதிலும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு கூடுதல் கட்டணம் ஏறியது. 2017 இல் அது 6.88 சென்ட் வரை போனது. வருடத்துக்கு 3,500 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு 240 யூரோவுக்கு மேல், அதன்மேல் விற்பனை வரி வேறு. மின்சாரத்தை நிறையத் தின்னும் பெரிய ஆலைகளுக்கோ இந்தக் கட்டணத்தில் சலுகை. வெளிநாட்டுப் போட்டியில் அவை நசிந்துவிடக்கூடாது என்றார்கள். அவர்கள் கொடுக்காததையும் சேர்த்து வாடகை வீட்டுக்காரர் கட்டினார். சொந்தக் கூரை உள்ளவருக்கு வரவு, கூரை இல்லாதவருக்குச் செலவு. இந்தத் திட்டத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இருந்தாலும் பலன் இல்லை என்று சொல்லவே முடியாது. 2000 இல் ஜெர்மனியின் மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்க வகை சுமார் 6 சதவீதம். 2023 இல் பாதிக்கும் மேல். உலகம் முழுக்கச் சூரியத் தகட்டின் விலை சரிந்ததற்கு சீனத் தொழிற்சாலைகள் எவ்வளவு காரணமோ, அவர்களுக்கு ஆரம்பத்தில் வாங்கும் கையாக இருந்த ஜெர்மன் மின் ரசீதும் அவ்வளவு காரணம் என்பது என் கருத்து.

2022 ஜூலையில் அந்தக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அந்தச் செலவை இனி அரசு பட்ஜெட்டே ஏற்கும் என்றார்கள். மக்களுக்கு நிம்மதிதான். ஆனால் பட்ஜெட் என்பது மூன்றாவது பை, அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. ஜெர்மன் அரசியல் சட்டம் அரசு வாங்கும் கடனுக்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டிருக்கிறது. கொரோனாவுக்கென்று கடன் வாங்க அனுமதி பெற்று, செலவாகாமல் மிஞ்சிய 6,000 கோடி யூரோவை அரசு பருவநிலை நிதிக்கு மாற்றியது. 2023 நவம்பர் 15 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஒரே தீர்ப்பில் 6,000 கோடி காணாமல் போனது. அடுத்த மாதமே மின்சாரக் கார் வாங்குவோருக்கான மானியத்தை நிறுத்தினார்கள். சனிக்கிழமை அறிவிப்பு, ஞாயிறு நள்ளிரவோடு முடிந்தது. காருக்குப் பதிவு செய்துவிட்டு மானியத்தை நம்பிக் காத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். ரசீதிலிருந்து வரும் பணம் மக்களை எரிச்சலூட்டும், ஆனால் நிலையானது. கஜானாவிலிருந்து வரும் பணம் யார் கண்ணையும் உறுத்தாது, ஆனால் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும்.

ஸ்பெயின் இன்னொரு பாடம். ஜெர்மனியைப் பார்த்து அவர்களும் 2007 இல் சூரிய மின்சாரத்துக்குத் தாராளமான விலை அறிவித்தார்கள். 2008 இல் ஒரே வருடத்தில் 2,500 மெகாவாட்டுக்கு மேல் தகடுகள் குவிந்தன. யாரும் எதிர்பார்க்காத வேகம். ஆனால் அங்கே வீட்டு மின்கட்டணத்தை அரசு ஏற்றவிடவில்லை. உண்மைச் செலவுக்கும் மக்கள் கட்டுவதற்கும் இடைப்பட்ட தொகை வருடா வருடம் கடனாகச் சேர்ந்தது. சூரிய மின்சாரம் வருவதற்கு முன்பே தொடங்கிய பழக்கம்தான், அது வந்ததும் பெருகி சுமார் 3,000 கோடி யூரோவை எட்டியது. கடைசியில் அரசு ஏற்கெனவே கொடுத்த வாக்கில் கை வைத்தது. பழைய திட்டங்களுக்கான விலையையும் வெட்டினார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள், உள்ளூரில் சேமிப்பைப் போட்ட சிறு முதலீட்டாளர்கள் கையைப் பிசைந்தார்கள். 2015 இல், தன் கூரையில் எடுத்த மின்சாரத்தைத் தானே பயன்படுத்துகிறவருக்குக்கூட ஒரு கட்டணம் விதித்தார்கள். மக்கள் அதற்கு "சூரிய வரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2018 இல் அது ஒழிந்தது.

விலையை அரசே நிர்ணயித்தால் ஒன்று அதிகம் கொடுத்துவிடுகிறது, அல்லது கொடுத்த வாக்கை மீறுகிறது. சரி, கம்பெனிகளையே விலை சொல்லச் சொல்வோம் என்று அடுத்த கட்டத்துக்கு வந்தார்கள். அதாவது, மறுபடியும் ஏலம். "இந்தக் கடலில் காற்றாலை கட்ட யூனிட்டுக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்பார்கள், குறைவாகக் கேட்பவருக்கு ஒப்பந்தம். பிரிட்டனில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு கம்பெனி யூனிட்டுக்கு 6 பென்ஸ் போதும் என்று ஒப்பந்தம் எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை விலை 4 பென்ஸுக்கு இறங்கினால் மீதி 2 பென்ஸ் அதற்குக் கிடைக்கும். சந்தை விலை 10 ஆனால் கம்பெனி 4 பென்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஒரு பக்கம் நஷ்டத்துக்குக் காப்பு, மறுபக்கம் கொள்ளை லாபத்துக்குப் பூட்டு. உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறிய காலத்தில் காற்றாலைகள் உண்மையிலேயே பணத்தைத் திருப்பிக் கட்டின.

இந்த முறையால் விலை மளமளவென்று இறங்கியது. இறங்கிய விலையைப் பார்த்த அரசுகளுக்கு ஆசை பிடித்தது. 2023 செப்டம்பரில் பிரிட்டன் கேட்கக்கூடிய விலைக்கு உச்சவரம்பை மிகத் தாழ்வாக வைத்ததால், கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. உருக்கும் வட்டியும் விலை ஏறியிருந்த நேரம் அது. அடுத்த சுற்றில் வரம்பை உயர்த்திய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போனது. மானியமே கிடையாது, எங்கள் கடலைப் பயன்படுத்த நீங்கள்தான் எங்களுக்குக் கட்டணம் தர வேண்டும் என்று 3,000 மெகாவாட்டுக்கு ஏலம் அறிவித்தது. 2024 டிசம்பரில் பெட்டியைத் திறந்தால் காலி. உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை 1991 இல் விண்டேபி கடற்கரையில், வெறும் 11 காற்றாலைகளோடு நிறுவிய நாடு அது. அடுத்த வருடம் மானியத்தோடு புது அறிவிப்பு விட வேண்டியதாயிற்று.

இப்போது போலந்து. அங்கே "சுற்றுச்சூழல்" என்ற சொல்லைக் கேட்டால் சாதாரணக் குடும்பத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது உருகும் பனிப்பாறை அல்ல, குளிர்காலத்தில் மூச்சை அடைக்கும் புகை. லட்சக்கணக்கான வீடுகளில் அறையைச் சூடாக்க நிலக்கரி அடுப்புதான். கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு எரிக்கும் பழைய அடுப்பை "கோப்ச்சூஹ்" என்பார்கள், புகைமூட்டி என்கிற மாதிரி ஒரு கிண்டல் பெயர். கிராகோவ் நகரம் 2019 செப்டம்பர் முதல் வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பதையே தடை செய்துவிட்டது. அதனால் அரசின் பெரிய திட்டம் "தூய காற்று" என்ற பெயரில் 2018 இல் தொடங்கியபோது, பணம் போனது கடல் காற்றாலைக்கு அல்ல, அடுப்பை மாற்றவும் சுவருக்கு வெப்பக்காப்புப் போடவும். அடுத்த வருடம் கூரைத் தகட்டுக்கு 5,000 ஸ்லோட்டி (போலந்து நாணயம்) வரை கையில் கொடுக்கும் "என் மின்சாரம்" திட்டம் வந்தது. தனிவீட்டுக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

இன்னொரு பக்கம் சுரங்கத் தொழிலாளிகள். சிலேசியா என்ற சுரங்க வட்டாரத்தில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக நிலத்துக்குக் கீழே வேலை பார்த்த குடும்பங்கள் ஏராளம். தொழிற்சங்கங்களோடு 2021 இல் அரசு செய்த ஒப்பந்தப்படி கடைசிச் சுரங்கம் 2049 இல்தான் மூடப்படும். லைப்சிக் ஏலத்தில் அனுமதி விலை ஏறினால் நிலக்கரி மின்சாரத்தை நம்பியிருக்கும் நாட்டில் மின்கட்டணம் ஏறும். போலந்தின் முணுமுணுப்பு இதுதான்.

அதைச் சமாளிக்க ஐரோப்பிய ஒன்றியம் நியாயமான மாற்றத்துக்கான நிதி என்று 2018 விலைக் கணக்கில் (அதற்குப் பிந்தைய விலையேற்றத்தைச் சேர்க்காமல்) 1,750 கோடி யூரோ ஒதுக்கியது. நிலக்கரியை நம்பி வாழ்ந்த வட்டாரங்களில் புதுத் தொழில், பயிற்சி, மண் சீரமைப்பு ஆகியவற்றுக்கு. போலந்துக்கு மட்டும், நடப்பு விலையில், சுமார் 385 கோடி. ஆனால் நிபந்தனை உண்டு. ஜெர்மன், செக் எல்லையோரம் உள்ள துரூவ் சுரங்கத்தை 2044 வரை நடத்தியே தீருவோம் என்று நின்றதால் அந்த வட்டாரத்துக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. ஸ்பெயின் இந்த நிதி வருவதற்கு முன்பே, 2018 அக்டோபரில், சுரங்கச் சங்கங்களோடு 25 கோடி யூரோவுக்கு உடன்பாடு செய்துகொண்டு பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்களை மூடியது. வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம், இளையவர்களுக்குச் சுரங்க நிலத்தைச் சீர்செய்யும் வேலை. தொகை சின்னதுதான், ஆனால் மூடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசினார்கள்.

இத்தாலியின் கதை ஒரு பத்திக்குமேல் தேறாது, விடவும் மனமில்லை. வீட்டுக்கு வெப்பக்காப்புச் செய்தால் செலவில் 110 சதவீதத்தை வரிக்கழிவாகத் தருகிறோம் என்று 2020 இல் அறிவித்தார்கள். 100 செலவழித்தால் 110 வரும்! அப்புறம் எந்த வீட்டுக்காரர் கொத்தனாரிடம் பேரம் பேசுவார்? கட்டுமானச் செலவு ஏறியது, மோசடி வழக்குகள் குவிந்தன, அரசுக்கு ஆன செலவு 10,000 கோடி யூரோவைத் தாண்டியது.

இதுவரை சொன்னதெல்லாம் மின்சாரமும் சூடும்தான் என்று கவனித்திருப்பீர்கள். காடு, ஆறு, பறவை, விலங்கு? அங்கே பணம் சொற்பம். இயற்கைப் பாதுகாப்புக்கென்றே 1992 முதல் ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் திட்டத்தின் பெயர் லைஃப். 2021 முதல் 2027 வரை ஏழு வருடங்களுக்கு அதற்கு ஒதுக்கியது சுமார் 540 கோடி யூரோ. ஒன்றியத்தின் மொத்த பட்ஜெட்டை 1,000 ரூபாய் என்று வைத்தால் இதன் பங்கு 5 ரூபாய்கூட வராது. அதிலும் ஒரு பகுதி எரிசக்திக்கும் பருவநிலைக்கும் போகிறது.

அந்தச் சொற்பத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஐபீரிய லின்க்ஸ் ஒரு சாட்சி. காதில் கறுப்புக் குஞ்சமும் கன்னத்தில் தாடியும் கொண்ட காட்டுப்பூனை அது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மட்டுமே உண்டு. முயல்தான் அதன் சோறு. நோயில் முயல்கள் மடிந்ததும் லின்க்ஸும் மடிந்தது, மிச்சம் இருந்ததை வேட்டையும் நெடுஞ்சாலைகளும் தின்றன. 2002 இல் மிஞ்சியவை நூறுக்கும் குறைவு. லைஃப் பணத்தில் முயல்களைப் பெருக்கினார்கள், நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள், சாலைக்கு அடியில் பூனை கடந்து போகச் சுரங்கப்பாதை அமைத்தார்கள். ஸ்பெயின் அரசு டொன்யானா தேசியப் பூங்காவை ஒட்டி ஓர் இனப்பெருக்க மையம் நடத்தியது. 2005 மார்ச்சில் அங்கே சாலியேகா என்ற பெண் லின்க்ஸ் மூன்று குட்டி போட்டது. அடைப்பில் பிறந்த முதல் குட்டிகள் அவைதான். 2023 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 2,021. 2024 இல் "அழியும் ஆபத்து" என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி "பாதிப்புக்குள்ளாகக்கூடியது" என்று மாற்றினார்கள்.

"ஆனால் ஒன்றியம் பட்ஜெட்டில் 30 சதவீதத்தைப் பருவநிலைக்கு ஒதுக்கியிருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். ஒதுக்கியிருக்கிறதுதான். எப்படி எண்ணுகிறார்கள் என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு செலவுக்கும் 100, 40, 0 என்று மூன்றில் ஒரு மதிப்பெண். நேரடியாக உதவினால் முழுத்தொகையும் பருவநிலைக் கணக்கில் ஏறும். ஓரளவு உதவினால் 40 சதவீதம். சம்பந்தமே இல்லாவிட்டால் பூஜ்யம். இந்த 40 தான் வசதியான பெட்டி. விவசாய மானியத்தில் பெரும்பகுதி இதற்குள் நுழைந்துவிட்டது. 2014 முதல் 2020 வரை 10,000 கோடி யூரோவுக்கு மேல் விவசாயச் செலவைப் பருவநிலைச் செலவாகக் காட்டியிருந்தார்கள். ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2021 இல் போய்ப் பார்த்தது. 2010 க்குப் பிறகு விவசாயத்திலிருந்து வரும் உமிழ்வு குறையவே இல்லை என்று எழுதிவைத்தது. கால்நடை அதிகமுள்ள நாடுகளில் விவசாயிகள் டிராக்டரோடு தலைநகருக்கு வந்துவிடுவார்கள் என்ற பயம் எல்லாக் கட்சிகளுக்கும் உண்டு.

நான்காவது பை, கடன். கொரோனாவுக்குப் பிறகு 2018 விலைக் கணக்கில் 75,000 கோடி யூரோ வரை ஒன்றியம் தன் பெயரிலேயே கடன் திரட்டுவது என்று 2020 இல் முடிவானது. அதுவரை இந்த அளவில் கூட்டுக்கடன் வாங்கியதே இல்லை. அதன் பெரும்பகுதியான மீட்பு நிதியில் தங்கள் பங்கைப் பெற, ஒவ்வொரு நாடும் 37 சதவீதத்தையாவது பருவநிலைக்குச் செலவழிக்கத் திட்டம் காட்ட வேண்டியிருந்தது. கடனை 2058 க்குள் அடைக்க வேண்டும். அதற்கு யோசித்து வைத்த வருமானங்களில் ஒன்று நம்மையும் தொடுகிறது. இந்தியாவிலிருந்து போகும் இரும்பு, உருக்கு, அலுமினியத்தின் உற்பத்தியில் வெளியான கார்பனுக்கும் ஐரோப்பிய விலையை எல்லையில் வசூலிக்கும் ஏற்பாடு. 2023 அக்டோபர் முதல் கணக்கு மட்டும் கேட்டார்கள், 2026 முதல் கட்டணமும் ஏறத் தொடங்கியது. எங்கள் ஆலைகள் லைப்சிக்கில் காசு கொடுத்துப் புகை விடும்போது வெளியிலிருந்து வருபவை மட்டும் சும்மா வரலாமா என்பது அவர்கள் வாதம். நூறு வருடம் காசு கொடுக்காமல் புகை விட்டவர்கள் நீங்கள்தானே என்பது நம் பதில்.

2028 முதல் 2034 வரைக்கான அடுத்த பட்ஜெட்டை ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. மொத்தம் ஏறக்குறைய 2 லட்சம் கோடி யூரோ. ரஷ்யப் பயத்தால் இம்முறை ராணுவத்துக்கும் தொழில் போட்டிக்கும் முதல் பந்தி. லைஃப் என்ற தனித்திட்டம் அந்த முன்மொழிவில் இல்லை, அதன் வேலைகளைப் பெரிய நிதிகளுக்குள் கரைத்துவிட்டார்கள். பருவநிலைக்கும் சுற்றுச்சூழலுக்கும் சேர்த்து 35 சதவீதம் என்று பொதுவாக ஓர் இலக்கு மட்டும் உண்டு. பட்ஜெட் நிறைவேற 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். லின்க்ஸ் இனம் இனி தானாகவே நிலைத்து நிற்க, குட்டி போடும் பெண் பூனைகள் குறைந்தது 750 வேண்டும் என்கிறார்கள் அதைக் கவனித்துவரும் நிபுணர்கள். 2023 கணக்கில் இருந்தவை 406.